ஈரச் சாக்குக்கு அடியில் ஆறு பாட்டில்கள்

வடக்கனந்தலுக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஊர். ஊர்க்காரர்கள் காலனியில் நடக்கும் விசேஷத்துக்குப் போவதற்கு ஒரு முறை உண்டு. யாரும் எழுதி வைத்ததில்லை, எல்லோருக்கும் தெரியும். பந்தலின் வெளி ஓரத்தில் நான்கைந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் தனியாகக் கிடக்கும். போனவர்கள் அதில் உட்கார வேண்டும். மூடி திறக்காத கூல்டிரிங்க்ஸ் பாட்டில் வரும். கண்ணெதிரே மூடியைத் திருகிக் கொடுப்பார்கள். குடித்துவிட்டு, மொய்க் கவரைக் கொடுத்துவிட்டுப் புறப்படலாம். பந்தலுக்குள் இலை போட்டிருப்பதை இரண்டு தரப்பும் கவனிக்காததுபோல் இருந்துவிடுவார்கள். என் சின்ன வயதில் பாட்டிலுக்குப் பதில் கோலி சோடா. அந்த ஒன்றுதான் மாறியிருக்கிறது.

எங்கள் கரும்பு நடவுக்கும் மக்காச்சோளத்தில் களை எடுக்கவும் ஆள் கூட்டி வருபவர் காலனியைச் சேர்ந்த ஒரு பெண். ஐம்பதைத் தாண்டியவர். சொந்த நிலம் கிடையாது. அவர் சொன்னால் பதினைந்து பெண்கள் வருவார்கள். அப்பா அவரை ‘நீ’ என்பார். அவர் அப்பாவை ‘ஐயா’ என்பார். நான் கள்ளக்குறிச்சியிலிருந்து போனில் பேசும்போது ‘நீங்க’ என்பேன். அப்பா பக்கத்தில் இருந்தால், “நாளைக்கு ஆள் வந்துடுமா?” என்று யாரையும் குறிப்பிடாமல் கேட்டு முடித்துக்கொள்வேன்.

அரசுத் திட்டத்தில் அவர் வீடு கட்டி முடித்தார். குடிபோகும் விசேஷத்துக்கு அழைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். தட்டில் வெற்றிலை பாக்கு, அதன்மேல் பத்திரிகை. வாசற்படிக்குக் கீழே நின்றுகொண்டு நீட்டினார். அப்பா எடுத்துக்கொண்டு, வருகிறேன் என்றார். யாரும் கேட்காமலே நானும் ஒரு வார்த்தை சொன்னேன்.

“நான் வந்து சாப்பிட்டுட்டுத்தான் போவேன்.”

ஒவ்வொரு தை மாதமும் சமத்துவப் பொங்கல் செய்தி எழுதுகிறவன் நான். அதிகாரிகள் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடும் படத்துக்குக் கீழே இரண்டு வரி எழுதி அனுப்புவது என் வேலைகளில் ஒன்று. அந்தப் பழக்கத்தில் வந்த பேச்சாக இருக்கலாம். அப்பா பத்திரிகையைத் திருப்பி, எதுவும் அச்சடிக்காத பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, “வாங்க தம்பி” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் சொன்னது அவர் வீட்டில் என்ன செய்தது என்பது விசேஷத்தன்று காலையில்தான் தெரிந்தது. அப்பா பத்தரைக்கு மேல் வருவதாகச் சொல்லியிருந்தார். நான் ஒன்பது மணிக்கே போய்விட்டேன். தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். வீட்டின் பின்பக்கம் வாழை இலைகளை நறுக்கியபடி தாயும் மகளும் தாழ்ந்த குரலில் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். மகள் கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்கள் ஊரில் பாதிப் பேர் காய்ச்சல் என்றால் அங்கேதான் போவார்கள். இந்த முறை பாட்டில் வாங்கக் கூடாது, வருகிறவர்கள் இலையில் உட்கார்ந்து சாப்பிடட்டும் என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

“ஊர்க்காரங்க வெறும் வாயோட திரும்பிப் போனா நல்லாவாடி இருக்கும்?”

“வெறும் வாயோட இன்னாத்துக்குப் போவணும்? சோறு இருக்குது இல்ல?”

“ஒனக்கு மாசமானா சம்பளம் வருது. எனக்குப் பதினஞ்சு பொம்பளைங்க பொழப்பு இருக்குது. திங்கக்கெழம நடவு. மலையிலருந்து ஆள எறக்கிட்டாங்கன்னா இன்னா பண்ணுவ?”

அது வீண் பயமில்லை. முந்தைய வருடம் வேறொரு பெண்ணின் ஆட்களோடு ஊருக்கு மனஸ்தாபம் வந்தது. வெள்ளிமலையிலிருந்து இரண்டு ஜீப்பில் ஆட்களை இறக்கி நடவை முடித்துவிட்டார்கள். மலையில் அந்த நேரத்தில் வேலை இல்லை, குறைந்த கூலிக்கு வந்தார்கள். இங்கே வேலை போனவர்கள் செங்கல் சூளைக்குப் போனார்கள்.

மகள் நறுக்கிய இலைகளை அடுக்கினாள். “நான் போடற ஊசி அவங்க ஒடம்புக்குள்ள போவுது. நான் போடற சோறு போவாதா?”

“ஊசி போடலன்னா செத்துப்பூடுவாங்க. இங்க துன்னலன்னா அவங்க வூட்ல போயி துன்னுவாங்க” என்றார் தாய்.

மகளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்போதுதான் நான் நிற்பதைப் பார்த்தாள். “சார் சாப்புடறேன்னு சொல்லிக்கிறாரு இல்ல? அவங்க வந்ததும் சார் மொத எலையில ஒக்காரட்டும். ஒருத்தரு ஒக்காந்துட்டா மத்தவங்களும் ஒக்காந்துடுவாங்க.” தாய் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் பக்கத்து வீட்டுப் பக்கம் போனார்.

பந்தலில் எல்லோரும் பார்க்கிற இடத்தில் மகள் எனக்கு இலை போட்டாள். தண்ணீர் தெளித்து, காற்றில் பறக்காமல் இருக்க மேலே ஒரு டம்ளரை வைத்தாள்.

அப்பாவும் ஊர்க்காரர் மூன்று பேரும் இரண்டு வண்டிகளில் வந்தார்கள். ஓரத்து நாற்காலிகளுக்கு நேராகப் போய் உட்கார்ந்தார்கள். மகள் தட்டில் நான்கு டம்ளர் தண்ணீரோடு வந்து, “சாப்புட வாங்க” என்றாள். ஒருவர் இப்போதுதான் சாப்பிட்டு வந்ததாகச் சொன்னார். இன்னொருவர் டைல்ஸ் நன்றாக இருப்பதாகச் சொன்னார். தட்டை நோக்கி யாருடைய கையும் நீளவில்லை. அவள் தட்டை ஏந்தியபடியே நின்றாள்.

நான் பந்தல் காலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். இலை பத்தடி தூரத்தில் இருந்தது. அப்பா என்னைப் பார்க்காமல், பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்து, “ஒக்காரு” என்றார். ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போகலாம் என்று உட்கார்ந்தேன்.

அந்த நேரத்தில் தாய் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வாளியின் வாயை ஈரச் சாக்கு மூடியிருந்தது. சாக்கை எடுத்தார். ஐஸ் தண்ணீரில் ஆறு பாட்டில்கள். மகளுக்குத் தெரியாமல் முதல் நாளே வாங்கி மறைத்து வைத்திருக்கிறார். ஊர்க்காரர் நால்வருக்கு நான்கு. வேறு யாராவது கூட வந்துவிட்டால் ஒன்று. மீதி ஒன்று எனக்கு. நான் சாப்பிடுவதாகச் சொன்னதை அவர் ஆரம்பத்திலிருந்தே கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

முந்தானையில் துடைத்து, ஒவ்வொன்றாக மூடியைத் திருகிக் கொடுத்தார். ஐந்தாவதாக என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். அந்த இடத்தில் நான் தயங்கினேனா என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். தயங்கியதாக நினைவில்லை. பாட்டில் சில்லென்று இருந்தது என்பதுதான் நினைவிருக்கிறது.

மகள் தண்ணீர்த் தட்டைக் கீழே வைத்தாள். என் அருகில் வந்து, ஆஸ்பத்திரியில் விசாரிக்கும் குரலில், “கூலிங் கரெக்டா இருக்குதுங்களா சார்?” என்று கேட்டாள்.

இருக்கிறது என்றேன்.

அவள் பந்தலுக்குள் போய் முதல் இலையின் மேலிருந்த டம்ளரை எடுத்தாள். “பெரிப்பா, வந்து ஒக்காருங்க, எலை காயுது” என்று அந்தத் தெருக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு அதில் உட்காரவைத்தாள். பந்தி தொடங்கியது. சாம்பார் மணம் நாற்காலிகள் வரை வந்தது.

புறப்படும்போது அப்பா, “திங்கக்கெழம ஆறு மணிக்கெல்லாம் பதினஞ்சு பேரையும் கூட்டியாந்துடு” என்றார். தாய் இரண்டு கையாலும் கும்பிட்டார். மிஞ்சிய ஆறாவது பாட்டிலை ஒரு பையில் போட்டு, “வூட்ல அம்மாவுக்குக் குடுங்க” என்று என் கையில் தந்தார்.

அம்மா அதை பிரிட்ஜில் வைத்தார். அம்மாவுக்குச் சர்க்கரை, குடிக்க முடியாது. அப்பா அந்த மாதிரிப் பாட்டிலை விசேஷங்களில் தவிர தொடமாட்டார். நான் அன்று மாலையே கள்ளக்குறிச்சிக்குத் திரும்பிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை போனில் நடவு பற்றிக் கேட்டேன். பதினைந்து பேரும் வந்ததாக அப்பா சொன்னார். வெயில் அதிகமாக இருந்ததால், அம்மா பிரிட்ஜிலிருந்த பாட்டிலை வயலுக்குக் கொடுத்தனுப்பியதாகவும் சொன்னார். எந்தப் பாட்டில் என்று கேட்டேன். அதேதான்.

“அவங்களுக்கு அடையாளம் தெரிஞ்சுதா?”

“தெரியாம? பாத்துட்டு சிரிச்சுது.”

“ஏதாவது சொன்னாங்களா?”

“இன்னா சொல்லும்? மூடியத் தெறந்து ஆளுக்கு ஒரு வாய் ஊத்திக் குடுத்துட்டு, கரும்புக் கரணைய எடுத்துக்கினு எறங்கிடுச்சு. பொழுது சாயறதுக்குள்ள முக்கா ஏக்கரு முடிஞ்சுது” என்றார் அப்பா.