மன்னிக்கும் தேவசிக்குட்டி

“மன்னிச்சேன், போ” என்று தேவசிக்குட்டி சொன்ன பிறகுதான், தான் ஏதோ தப்பு செய்துவிட்டது பால் சங்கத்து வர்க்கிக்குத் தெரிந்தது. கேனைக் கையில் தூக்கியபடியே நின்று யோசித்தார். நேற்று எதிரே வந்தபோது ‘ஈசோவுக்கு ஸ்துதி’ என்று இயேசுவின் பெயரால் வணக்கம் சொல்லாமல் போய்விட்டார். அதுதான்.

மீனச்சில் ஆற்றங்கரையில் உள்ள அந்த ஊரில் தேவசிக்குட்டியால் மன்னிக்கப்படாதவர்கள் குறைவு. தாமதமாக வரும் தபால்காரர், மின்சாரத்தை நிறுத்தும் லைன்மேன், உட்கார இடம் தராத பேருந்து நடத்துனர் என்று எல்லாருக்கும் அவருடைய மன்னிப்பு கிடைத்திருக்கிறது. அதை அவர் காதோடு சொல்லமாட்டார். நாலு பேர் திரும்பிப் பார்க்கிற குரலில்தான் சொல்வார்.

எந்தக் காரியத்துக்கும் அவரிடம் ஒரே கேள்விதான். “இந்த இடத்துல ஈசோ நின்னிருந்தா என்ன செஞ்சிருப்பார்?” கேட்டுவிட்டுக் கண்ணை மூடுவார். விடை வந்துவிடும். அது பெரும்பாலும் தேவசிக்குட்டி செய்ய நினைத்ததாகவே இருக்கும். கல்யாண வீட்டில் இறைச்சி இரண்டாம் முறை வரும்போது, “கானா ஊர்க் கல்யாணத்துல அவர் வேண்டாம்னு இலையை மடிச்சாரா என்ன?” என்பார். கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்ட தேவாலயத்துப் பாதிரியாரான அச்சன் ஆள் கேட்டபோது, “மரித்தோரை மரித்தோர் பார்த்துக்கட்டும்னு சொன்னது யாரு அச்சா?” என்று கேட்டுவிட்டுக் குடையை எடுத்தார்.

மனைவி ஏலியாம்மா ஒருமுறை தேங்காய் துருவித் தரச் சொன்னாள். ஈசோ விருந்துக்கு வந்த வீட்டில் மார்த்தா ஓடி ஓடி வேலை செய்தாலும், சும்மா உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த மரியாதான் நல்ல பங்கைத் தெரிந்துகொண்டாள் என்று அவர் ஆரம்பித்தார்.

“சரி அச்சாயா, நல்ல பங்கையே வச்சுக்குங்க. மார்த்தா இன்னைக்கு அடுப்பு பத்தவைக்கல” என்றாள் ஏலியாம்மா. அன்று தேங்காய் துருவப்பட்டது.

உயிரோடிருந்தவரை அவர் மன்னிப்புக்கு அகப்படாமல் போனவர் ஒருவர் உண்டு. அடுத்த வீட்டு ஔசேப்பு. மேட்டிலிருந்து வரும் மழைத் தண்ணீர் இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஒரு வாய்க்காலில் ஓடி ஆற்றுக்குப் போகும். அது தன் ஜாதிக்காய் மரங்களின் வேரை அரிக்கிறது என்று தேவசிக்குட்டி செங்கல்லும் மண்ணும் போட்டு அடைத்தார். தண்ணீர் ஔசேப்பின் கொல்லையில் தேங்கியது. ஔசேப்பு வேலியோரம் நின்று கத்தினார். கத்தியதுதான் குற்றம். அதற்கு அவர் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று தேவசிக்குட்டி காத்திருக்க, கேட்காமலேயே ஔசேப்பு ஆடி மாதத்தில் கண்ணை மூடிவிட்டார். “பரவாயில்ல. குழியில குந்திரிக்கம் போடும்போதே மன்னிச்சுட்டேன்” என்று கல்லறைத் தோட்டத்து வாசலில் அறிவித்தார் தேவசிக்குட்டி. சாவு வீட்டுக்குள் மட்டும் போகவில்லை. வாய்க்காலும் திறக்கவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் வந்தது. அன்றைக்கு ஈசோவின் கடைசி விருந்தின் நினைவாக எல்லா வீட்டிலும் பெசகா அப்பம் வேகும்; இரவில் வீட்டுத் தலைவர் முறித்துக் கொடுக்க, பாலில் தொட்டுச் சாப்பிடுவார்கள். அந்த வருஷம் சாவு விழுந்த வீட்டில் மட்டும் அப்பம் செய்யக்கூடாது. மற்ற வீட்டார் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். அதில் முதல் உரிமை பக்கத்து வீட்டுக்கு.

ஏலியாம்மா இரண்டு அப்பம் அவித்தாள். குருத்தோலையில் சிலுவை வைத்த அப்பம் தன் வீட்டுக்கு. சிலுவை வைக்காதது ஔசேப்பின் மனைவி பிரிஜித்தாவுக்கு. அந்த அம்மாளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? ஒரே மகன் அயர்லாந்தில். காலும் வீங்கியிருக்கிறது.

தேவசிக்குட்டி அன்று காலை தேவாலயத்தில் கால் கழுவும் சடங்கில் பன்னிரண்டு சீடர்களில் ஒருவராக உட்கார்ந்து, அச்சன் கையால் கால் கழுவப்பெற்று, அதில் அவர் முத்தமும் பெற்று வந்திருந்தார். அதற்காக வீட்டிலேயே வாசனை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு போன கால். மத்தியானம் ஏலியாம்மா குளிக்கப் போன நேரம், அந்தச் சிலுவையில்லாத அப்பத்தை எடுத்துக்கொண்டு எஸ்டேட் பங்களாவுக்குக் கிளம்பிவிட்டார். அங்கேயும் அந்த வருஷம் ஒரு சாவு. மேஜை கொள்ளாமல் அப்பம் அடுக்கியிருந்தது. அச்சனும் அங்கே இருந்தார்.

சாயங்காலம் கோடை மழை கொட்டி ஓய்ந்தது. அப்பத்தைக் கணவர் அடுத்த வீட்டில்தான் கொடுத்திருப்பார் என்று நினைத்திருந்த ஏலியாம்மா, துணி எடுக்கப் போனபோது வேலிக்கு அப்பால் பிரிஜித்தாவைப் பார்த்தாள்.

“அப்பம் யார் யார் கொண்டுவந்தாங்க சேடத்தி?”

“யாரும் வரலடி. பக்கத்துல தேவசி மாதிரி ஒரு புண்ணியவான் இருக்கும்போது நம்ம அப்பம் எதுக்குன்னு இருந்துட்டாங்க போல. வர்க்கி பொண்டாட்டி அப்படித்தான் சொல்லிட்டுப் போனா.” பிரிஜித்தா சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த ஏலியாம்மா துணியைக் கொடியிலேயே விட்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு பெசகாவுக்கும் அப்பம் இல்லாமல் படுக்காத மனுஷி!

உள்ளே வந்தாள். சிலுவை வைத்த அப்பத்தைத் தட்டோடு தூக்கிக் கணவர் கையில் வைத்தாள்.

“இதையா? இது வீட்டுக்குள்ளயே தீரவேண்டிய அப்பம்டி!”

“அப்ப அந்த வீட்டுக்குள்ள தீரட்டும். இல்லேன்னா இன்னைக்கு இங்கயும் அப்பம் இல்ல. ஈசோகிட்ட கேக்கணும்னா நடந்துகிட்டே கேளுங்க.”

அவர் கண்ணை மூடப் பார்த்தார். ஏலியாம்மா பால் பாத்திரத்தோடு அதற்குள் படி இறங்கிவிட்டாள்.

பிரிஜித்தாவின் கொல்லையில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. சமையலறைக்கு வேறு வழி இல்லை. அச்சன் முத்தமிட்ட கால் அதில் இறங்கியது. நடுவில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“பிரிஜித்தாச்சேடத்தி, நான் எல்லாத்தையும் மன்னிச்சுட்டேன்.”

“நல்லதாப் போச்சு. அப்பத்தை நனைக்காம வா. வழுக்கும்” என்றாள் பிரிஜித்தா.

குடும்பநாதன் இல்லாத வீடு என்பதால் அவரையே முறித்துக் கொடுக்கச் சொன்னாள். ஜெபம் சொல்லி, வயதில் மூத்தவளான அவளுக்கு முதலில் கொடுத்தார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பாலில் தொட்டு வாயில் போடுமுன் கண் கலங்கியது.

“படுக்கையில கிடந்தப்பவும் அவர் அதையேதான் கேப்பார், தேவசி. ‘கொல்லையில தண்ணி நிக்குதாடி?’ன்னு. நிக்கலன்னு பொய் சொல்லிடுவேன். நிக்குதுன்னா அந்த மூச்சோட எழுந்து உன் வேலிக்கு வந்துடுவாரே. சாகப்போற மனுஷன்கிட்ட பொய் சொன்னது உறுத்திகிட்டே இருந்துச்சு. போன ஞாயித்துக்கிழமைதான் அச்சன்கிட்ட சொல்லிப் பாவமன்னிப்பு வாங்கினேன். இப்ப நிம்மதி.”

தேவசிக்குட்டி வாயில் இருந்த அப்பத்தை மென்றுகொண்டே இருந்தார். ஏதாவது ஒரு வசனம் வரும் என்று ஏலியாம்மா அவர் முகத்தையே பார்த்தாள். வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் உள்ளே ஏறவில்லை. விறகுக் கொட்டகையில் எதையோ உருட்டும் சத்தம் கேட்டது. ஏலியாம்மா ஜன்னலைத் திறந்து பார்த்தாள். புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கியபடி, வேலியோரம் வாய்க்காலை அடைத்திருந்த மண்ணை மண்வெட்டியால் தோண்டிக்கொண்டிருந்தார். செங்கல் ஒன்று பெயர்ந்தது. தண்ணீர் சளசளவென்று ஜாதிக்காய் மரங்களின் பக்கம் ஓடத் தொடங்கியது.

அப்போது தேவாலயத்தில் ஆராதனை முடிந்து ஊரே பேசிக்கொண்டு சந்தில் இறங்கி வருகிற சத்தம் கேட்டது. வர்க்கியின் குரலும் அதில் இருந்தது. அவ்வளவு ஜனம் ஒன்றாக வீட்டு வாசலைக் கடப்பது வருஷத்தில் அந்த ஒரு நாள்தான்.

தேவசிக்குட்டி நிமிர்ந்தார். சத்தம் வரும் திசையைப் பார்த்தார். பிறகு சட்டென்று டார்ச்சை அணைத்தார்.