இசக்கி ஏன் அழவில்லை?

போன செவ்வாய்க்கிழமை காலை, இட்லிக் கூடையை வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டுப் பேச்சியம்மாள் என்னோடு சண்டைக்கு வந்தாள்.

பேச்சியம்மாள் எங்கள் மாட்டுங்கா கட்டடத்துக்கு இட்லி கொண்டு வருகிறவள். லேபர் கேம்ப் என்கிற தொழிலாளர் குடியிருப்பில் வீடு. புருஷன் லேத் பட்டறையில் ஃபிட்டர். ஒரே மகள் இசக்கி, ஏழு வயது. இரண்டு வருஷமாக முழங்கால் இரண்டும் வீங்கி, மூட்டு நோய்க்கு வைத்தியம் நடக்கிறது.

உங்களுக்கு இசக்கியை நினைவிருக்கும். டாக்டரிடம் மராத்தியில் பேச ஆள் வேண்டுமென்று தீபாவளிக்கு முன்னால் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேனே... முழங்காலில் ஊசி குத்தி நீர் எடுத்தபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் உட்கார்ந்திருந்த குழந்தை என்று இதே பக்கத்தில் உருகி உருகி எழுதினேனே — அவள்தான். ‘வீரப் பெண்’ என்று நீங்களும் கடிதம் போட்டீர்கள். அவற்றை அவளுக்கு வாசித்துக்கூடக் காட்டினேன்.

சண்டையே அதற்குத்தான்.

“புஸ்தகத்துல எழுதி ஊரு கண்ணு பூராவும் புள்ள மேல விழ வச்சிட்டீயளே அய்யா” என்றாள்.

ஒரு வாரமாகக் குழந்தை கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கிறாளாம். வெயிலைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாளாம். திருஷ்டிதான் என்று ஞாயிற்றுக்கிழமை உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டிருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. படித்தவன் இல்லையா? நெடி வராவிட்டால்தானே திருஷ்டி, வந்ததா வரவில்லையா என்று கிண்டலாகக் கேட்டேன்.

“வந்துச்சுய்யா. நானும் அவ அப்பாவும் இருமுதோம், கண்ணும் மூக்கும் தண்ணியா ஓடுது. இவ கண்ணு மட்டும் காஞ்சு கெடக்கு. ஒரு பொட்டுத் தண்ணி வரல்ல.”

என் சிரிப்பு நின்றுவிட்டது. மிளகாய்ப் புகைக்கு முன்னால் வீரமாவது, வெங்காயமாவது? பயில்வானுக்கே கண்ணீர் கொட்டும். இந்தக் குழந்தைக்கு ஏன் வரவில்லை?

ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு மூவருமாகக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

கண் டாக்டர் ஒரு மராத்திப் பெண்மணி. மிளகாய்க் கதையைக் கூச்சத்தோடுதான் அவருக்கு மொழிபெயர்த்தேன். அவர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். பிறகு, மை ஒற்றும் காகிதம் போல இரண்டு மெல்லிய துண்டுகளை எடுத்து, இசக்கியின் கீழ் இமைகளில் மாட்டித் தொங்கவிட்டார். ஐந்து நிமிடத்தில் கண்ணீர் ஊறிக் காகிதம் பாதியாவது நனைய வேண்டும்.

ஐந்து நிமிடம்! எத்தனையோ லோக்கல் ரயிலுக்குக் காத்து நின்றிருக்கிறேன்... இப்படி ஓர் ஐந்து நிமிடத்தைப் பார்த்ததில்லை. டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பேச்சியம்மாள் காகிதத்தைப் பார்க்கிறாள். இரண்டு நிமிடம்... மூன்று... நனைந்து தொலையேன் என்று நான் அந்தக் காகிதத்தை மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.

எடுத்துப் பார்த்தால், நுனியில் நகக்கண் அளவுக்கு ஈரம். அவ்வளவுதான்.

அடுத்தது ஒரு சாயச் சொட்டு. கருவிழியின் மேல்பரப்பில் பொடிப் பொடியாகக் கீறல்கள் தெரிந்தன. மூட்டை வீங்க வைக்கிற நோய், சில குழந்தைகளுக்குக் கண்ணீரையும் வற்ற வைத்துவிடுமாம். ஈரமில்லாத கண்ணில், இமை மூடும்போதெல்லாம் உரசும். கவனிக்காமல் விட்டால் புண்ணாகி, தழும்பு விழுந்து, பார்வைக்கே ஆபத்து.

பேச்சியம்மாளுக்கு மராத்தி புரியாது. என் முகத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தாள். பார்வை தப்புமா என்று டாக்டரைக் கேட்டேன். தழும்பு இன்னும் விழவில்லை, இரண்டு மாதம் கழித்து வந்திருந்தால் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன் என்றார். கண்ணீருக்குப் பதிலாக ஒரு சொட்டு மருந்து, மணிக்கொரு தரம். மாதம் தவறாமல் பரிசோதனை. நான் சொல்லச் சொல்ல, பேச்சியம்மாள் விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டாள்.

ஆக, நோயைக் காட்டிக் கொடுத்தது அவளுடைய மிளகாய். நான் படித்த இங்கிலீஷ் இல்லை.

கண் எத்தனை நாளாக எரிகிறது என்று இசக்கியிடம் கேட்கச் சொன்னார் டாக்டர். கேட்டேன். நான் கடிதம் வாசித்த அன்றைக்கே எரிந்ததாம். அப்போதே ஏன் சொல்லவில்லை?

“அழாத புள்ளன்னு எல்லாரும் எழுதியிருக்காவன்னு நீங்கதான சார் வாசிச்சீய. எரியுதுன்னு சொன்னா, அழுத மாதிரில்லா ஆயிரும்?”

வெட்கமாக இருந்தது. அன்று முழுவதும் நான் டாக்டருக்கு மொழிபெயர்க்காமல் விட்டது இந்தப் பதிலை மட்டும்தான்.

குழந்தையைப் புகழ்வது நமக்குச் செலவில்லாத வேலை. நல்ல பெயரைச் சூட்டிவிட்டு நாம் போய்விடுகிறோம். அதைக் காப்பாற்றும் பாடு குழந்தைக்கு...

இசக்கி, எரிந்தால் ஊரைக் கூட்டு. பத்தி எழுத எனக்கு வேறு ஆள் கிடைக்கும்.