வால் நறுக்கியவரும் எங்கள் அண்ணனும்

அண்ணன் மறைந்த ஓராண்டு நிறைவுக்கு வந்து இந்த நினைவுப் புத்தகத்தைக் கையில் வாங்கிய சொந்தங்களே, இலை போடும் வரை படித்துக்கொண்டிருங்கள். அண்ணனைப் பற்றிப் பொய்யாய்ப் புகழ்ந்தால் மேலேயிருந்து செருப்பு வந்து விழும். ஆகவே நடந்ததையே எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது ஏற்காட்டு மலையில் தலைச்சோலை கிராமத்தில். அப்பாவும் அம்மாவும் சீக்கிரமே போய்விட, எஸ்டேட் குதிரை லாயத்தில் சாணி அள்ளி என்னை வளர்த்தார். எஸ்டேட்டுக்கு ஜீப் வந்ததும், முதலாளி தன் செவலைக் குதிரையை அண்ணனுக்கே கொடுத்துவிட்டார். ஏற்காடு ஏரிக்கரையில் சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிச் சுற்றினார். எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் சோறு போட்டது அந்தச் செவலைதான்.

கோடை மழை விழுந்ததும் குதிரை ஈ கிளம்பும். காலையில் செவலைக்கு வேப்பெண்ணெய் தடவுவார். சாயங்காலம் நொச்சித் தழையும் காய்ந்த சாணியும் போட்டுப் புகை மூட்டுவார். கண்ணை மொய்க்கும் பொடிக்கொசுவுக்கு நெற்றியில் கத்தாழை நார்க் குஞ்சம். மீதியைச் செவலையின் வால் பார்த்துக்கொள்ளும்.

என் வீட்டுக்காரர் சேலத்தில் ஜட்கா வண்டி ஓட்டியவர்; கல்யாணமானதும் மலைக்கே வந்துவிட்டார். வண்டி வாரில் சிக்காமலிருக்க அங்கே குதிரையின் வால்முடியை ஒட்ட நறுக்குவார்கள். அண்ணன் லாடம் வாங்க சேலம் போன அன்று, பெரிய உபகாரம் செய்வதாக நினைத்து, செவலைக்கும் நறுக்கிவிட்டார்.

வெயில் ஏறியது. அடிவயிற்றிலும் தொடையிலும் ஈ அப்பியது. மொட்டை வாலை ஆட்டி ஆட்டிப் பார்த்த செவலைக்கு வெறி பிடித்தது. கட்டுத்தறியை உதைத்தது, சுவரில் உடம்பைத் தேய்த்து ரத்தமாக்கிக்கொண்டது. கோணிச் சாக்கோடு ஈ ஓட்டப் போன என் வீட்டுக்காரரின் தாடையிலும் ஓர் உதை விட்டது. பல் இரண்டைத் துப்பிவிட்டு மனிதர் அரிவாளைத் தூக்கினார்.

அப்போதுதான் அண்ணன் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தார். "அண்ணா, செவலைய வெட்டறாருங்க, ஓடியாங்க!" என்று கத்தினேன். பாய்ந்து வந்து குதிரையின் கழுத்துக்கு முன்னால் கையைக் கொடுத்தார். வெட்டு அவர் முழங்கையில் விழுந்தது.

அந்த ரத்தக் கையோடுதான் என் வீட்டுக்காரரை அடித்தார். அடிக்கும்போதும் மரியாதை குறையாது.

"ஏனுங்க மாப்பிள்ளை," என்று ஓர் அறை. "ஈ கடிச்சா ஓட்ட உங்களுக்குக் கையிருக்குதுங்க," என்று இன்னொன்று. "அதுக்கு இருந்த ஒண்ணையும் நறுக்கிப்போட்டீங்களே! தங்கச்சி புருசனாப் போயிட்டீங்க, இல்லீனா நொம்ப நேரம் உசுரோட நிக்க மாட்டீங்க."

"மிச்சப் பல்லையாச்சும் உட்டுருங்கண்ணா! அப்பறம் நாந்தான் களி கரைச்சு ஊத்தோணும்!" என்றேன். அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதனால்தான் நான் தாலியோடு இருக்கிறேன்.

என் புதுச்சேலையைக் கிழித்து ஒருவருக்குக் கையையும் இன்னொருவருக்குத் தாடையையும் கட்டினேன். ஆஸ்பத்திரியில் கேட்டபோது, "மரம் வெட்டறப்ப பட்டுருச்சுங்க" என்றார் அண்ணன். சாகும் வரை அதை மாற்றிச் சொல்லவில்லை.

நறுக்கிய முடியைப் பொறுக்கி ஒரு குச்சியில் கட்டி என் வீட்டுக்காரரிடம் நீட்டினார். "வால் முளைக்கற வரைக்கும் நீங்கதானுங்க வால்."

அப்புறம் ஏரிக்கரை முழுக்க வேடிக்கைதான். முன்னால் அண்ணன், நடுவில் செவலை, பின்னால் தாடைக் கட்டோடு வீசிக்கொண்டே என் வீட்டுக்காரர். முடி வளர்ந்து தொங்கும் வரை ஒருநாளும் நிறுத்தவில்லை. பிறகு செவலையும் கிழமாகிச் செத்தது. குச்சி மட்டும் பரணில் கிடந்தது.

அண்ணன் படுக்கையில் விழுந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போக ஜீப் கொடுத்த மஞ்சக்குட்டை ஊர்க்காரருக்கும், துணி மாற்றித் துவைத்த மருமகள்களுக்கும், கஞ்சி கொண்டுவந்த பக்கத்து ஊட்டு அம்மாவுக்கும் எங்கள் கும்பிடு.

கடைசிக் கும்பிடு என் வீட்டுக்காரருக்கு. அண்ணனின் படுக்கைப் புண்ணில் ஈ உட்காராமல் அந்தக் குச்சியை எடுத்து வீசிக்கொண்டே இருந்தார்.

"போதுமுங்க மாப்பிள்ளை, கை வலிக்கும்," என்றார் அண்ணன்.

"வால் முளைச்சாத்தானுங்க நிறுத்தோணும்? உங்களுக்கு இன்னும் முளைக்கலீங்களே மச்சான்!"

தழும்புக் கையால் அண்ணன் அவரை அடிக்க ஓங்கினார். கை பாதி தூரம்தான் எழுந்தது. என் வீட்டுக்காரர் கன்னத்தைக் கொண்டுபோய் அந்தக் கையில் வைத்தார்.

பாடையில் தூக்கும் வரை அண்ணன் மேல் ஓர் ஈ உட்காரவில்லை.