ஒயின் என்றால் குடி இல்லையாம்

என் அண்ணன் புனேயில் காலமெல்லாம் இன்ஜினியராக இருந்துவிட்டு, ஓய்வு பெற்றதும் சிதம்பரத்துக்கே திரும்பி வந்தார். லாரியில் பீரோ, கட்டில், நாய்க்கூண்டு எல்லாம் இறங்கின. கடைசியாக வாய் குறுகிய பெரிய பெரிய கண்ணாடி ஜாடிகள் இறங்கின. ஊறுகாய் போடவா என்று கேட்டேன். "ஒயின் போட, பாப்பா" என்றார். அன்றைக்கே கை தவறியதுபோல அந்த ஜாடிகளைக் கீழே போட்டு உடைத்திருக்க வேண்டும். மூத்தவர் என்கிற மரியாதைக்குப் பார்த்துச் சும்மா இருந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் குடியை விட்டுப் பல வருஷம் ஆகிறது. அதற்கு முன் அவர் குடித்த குடி கடலூர் பஸ் ஸ்டாண்ட் ஆட்டோக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். அவர்கள்தான் தூக்கிவந்து வாசலில் இறக்கிவிடுவார்கள். மகளின் நிச்சயதார்த்தத்தில், சம்பந்தி வீட்டார் கண்ணெதிரே, பந்தியில் இலை மேலேயே சரிந்தார். அழுதுகொண்டே புனேக்குப் போன் செய்தேன். "குடிகாரன்கூட என்னா வாழ்க்கை? உட்டுட்டுக் கெளம்பி வா" என்றார் அண்ணன். நான் கிளம்பவில்லை. அந்த வாரமே இவர் அம்மன் கோயிலுக்குப் போய், இனிமேல் தொடமாட்டேன் என்று கையில் கயிறு கட்டிக்கொண்டு வந்தார். கயிறு நைந்து அறுந்து எப்போதோ போய்விட்டது. இவர் தொடவில்லை. ஆனாலும் வெளியே போய்விட்டு வந்தாரானால், சட்டையை வாங்கிக்கொள்கிற சாக்கில் பக்கத்தில் போய் நின்று மோந்து பார்ப்பேன். அதைச் செய்யாமல் எனக்கு ராத்திரி தூக்கம் வராது.

அந்தக் குடிகாரனைத்தான் என் அண்ணன் ஒயின் போடக் கூட்டு சேர்த்துக்கொண்டார்.

முதலில் சித்திரை மாதத்து முந்திரிப்பழம். பண்ருட்டிப் பக்கம் கொட்டையைத் திருகிக்கொண்டு பழத்தை அப்படியே மண்ணில் போட்டுவிடுவார்கள். மச்சானும் மாப்பிள்ளையும் அதைப் பொறுக்கிக் காரில் ஏற்றிவந்து பிழிந்தார்கள். இவருடைய நல்ல வேட்டி இரண்டு கறையாகிப் பாழாய்ப் போயின. வீட்டில் இப்படி ஒயின் போடலாமா, போலீஸ் கேட்காதா என்றேன். "நாம விக்கவா போறோம்?" என்று சிரித்தார் அண்ணன். ஆடியில் நாவல்பழம். கிள்ளைப் பக்கமிருந்து கூடையில் வந்தது. கொட்டை எடுத்தது, பிசைந்தது, ஜாடி கழுவியது எல்லாம் இவர்தான். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து ஈஸ்ட்டைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். ஜாடி மூடியில் ஒரு வளைந்த குழாய் இருக்கும். உள்ளே பழம் நுரைத்தால் அது வழியாகக் காற்று கொப்புளம் விடும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு என் வீட்டுக்காரர் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார். கல்யாணமான புதிதில் என் பேச்சைக்கூட அப்படி உட்கார்ந்து கேட்டதில்லை.

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ஒவ்வொரு தடவையும் நானும் கூடவே போனேன். வேறு வழி? இந்த வேலை ஆரம்பித்த பிறகு என் மூக்கு எதற்கும் பிரயோஜனம் இல்லாமல் போய்விட்டது. எந்நேரமும் இவர் சட்டையில் புளித்த பழ வாசனை. பிழிந்ததா, குடித்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதனால் கண்ணாலேயே காவல் காத்தேன். கார்த்திகையில் புயல் மழை. எங்கள் வீட்டுக் கூடத்தில் நான் ஒழுகலுக்குப் பாத்திரம் வைத்துக்கொண்டிருக்கிறேன், இவர் ஜாடிக்குக் குளிருமென்று பழைய போர்வையை எடுத்துக்கொண்டு சிதம்பரத்துக்கு பஸ் ஏறினார். நானும் குடையோடு பின்னாலேயே ஏறினேன்.

மாசியில் எங்களை மகாராஷ்டிராவில் இருக்கிற நாசிக் நகரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார் அண்ணன். திராட்சை அறுவடையைப் பார்க்க வேண்டுமாம். பணக்காரப் பிள்ளைகள் தொட்டியில் இறங்கித் திராட்சையை மிதித்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். காலைக் கழுவினார்களா என்று யாரும் கேட்கவில்லை. சுற்றிக்காட்டிய பெண், கிளாஸைச் சுழற்றி மோந்துவிட்டு இதில் தோல் வாசனை வருகிறது என்றாள். செருப்புக் கடையில் நின்றால் அது சும்மாவே வரும். கடலூரில் ஒரு ஆள் கடை வாசலில் நின்று குடித்தால் குடிகாரன். இங்கே மலையைப் பார்த்துக்கொண்டு காலை பத்து மணிக்கே குடிக்கிறவர்களுக்கு ரசிகர்கள் என்று பெயர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வீட்டுக்காரர் ஒவ்வொரு கிளாஸையும் மோந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அதைப் பார்த்ததும் நான் இன்னும் நெருங்கிப் போய் நின்றுகொண்டேன்.

பங்குனியில் நாவல்பழ ஒயினைத் திறந்தார்கள். அண்ணன் தன் நண்பர்களை வீட்டுக்கு அழைத்திருந்தார். எல்லோரும் ஓய்வு பெற்ற பேராசிரியர்கள், மனைவிமாரோடு வந்திருந்தார்கள். இவரைச் சுற்றி நின்று, எப்படி இவ்வளவு தெளிவாக வந்தது என்று விசாரித்தார்கள். சார், சார் என்றார்கள். இவரும் கூச்சத்தோடு பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் ஒரு கிளாஸை ஊற்றி நீட்டினார்.

"மாப்ள, ஒரே ஒரு வாய். உங்க கையால போட்டது."

"வேணாம் மச்சான். எனக்கு வாசனையே போதும்."

"அட, இது என்னா சரக்கா? ஒயினு. ரெண்டும் ஒண்ணா?" அண்ணன் என் பக்கம் திரும்பினார். "பாப்பா, நீ கொஞ்சம் அந்தாண்ட போ. உனக்குப் பயந்துக்கினுதான் அவுரு குடிக்க மாட்றாரு."

இவர் வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. நான் அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். என்னால் முடியவில்லை.

"ஆமா, எனக்குப் பயந்துதான்" என்றேன். "பொண்ணு நிச்சயதார்த்தத்துல குடிச்சிட்டு எலையிலயே உழுந்தாரே, அப்ப குடிகாரன உட்டுட்டு வான்னு சொன்னது யாரு? கண்ணாடி கிளாஸுல ஊத்திக் குடுத்தா மட்டும் அவுரு தொர ஆயிடுவாரா?"

ஒரு பேராசிரியரின் மனைவி இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அண்ணன் கிளாஸை வைத்துவிட்டு நாயைக் கட்டப் போனார். நான் அண்ணனைத்தான் அடித்தேன் என்று நினைத்தேன். அடி இவர் மேல் விழுந்திருந்தது.

பஸ்ஸில் இவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். ஆலப்பாக்கம் தாண்டியதும் பேசினார்.

"அங்க யாருக்கும் நான் யாருன்னு தெரியாது. இப்ப தெரிஞ்சிபோச்சி."

நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

"அடுத்த தடவ நான் மட்டும் போறேன். நீ வர வேணாம். குடிக்க மாட்டேன்னு சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன். பண்ணாலும் நீ மோந்துதான் பாப்ப."

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் முந்திரிப்பழம் வந்திறங்கியிருக்கிறது என்று அண்ணன் போன் செய்தார். அந்த மனுஷனுக்கு வெட்கமும் கிடையாது, ரோஷமும் கிடையாது. நான் அவரை மன்னிக்கவும் இல்லை, மன்னிக்கப் போவதும் இல்லை. இவர் பழைய வேட்டியைக் கட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பினார். நான் வாசல்வரைகூடப் போகவில்லை. பகல் முழுக்க அடுப்படியில் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தேன். உலை பொங்கி அடுப்பு அணைந்ததுகூடத் தெரியவில்லை. அண்ணனை வாயில் வந்தபடி திட்டினேன். நடுநடுவே இவரையும் திட்டினேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் காலிங் பெல் அடித்தது. எழுந்து போனேன். தாழ்ப்பாளில் கை வைத்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பிடித்த மூச்சை விடாமலே கதவைத் திறந்து, ஒதுங்கி இவருக்கு வழி விட்டேன்.