இறக்கையில் இறங்கிய இரும்புக் கறை

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். முதலாளி, மேனேஜர் ரங்கசாமி, தோல் ரகம் பிரிக்கிற சின்னப்பன், மெட்ராஸிலிருந்து வந்திருந்த வெள்ளைக்காரத் துரை, அப்புறம் நான். தச்சு வேலை செய்த கோவிந்தன் ஆசாரி வாசற்படிக்கு வெளியே நின்றிருந்தார். ஒரு கால் உள்ளே இருந்ததா என்று கேட்டால் என்னால் சத்தியம் பண்ண முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது வந்து, நானும் அங்கேதான் இருந்தேன், நடந்தது வேறு என்று ஆரம்பித்தால் நம்பாதீர்கள்.

இத்தனை காலம் கழித்து இதை ஏன் கிளறுகிறேன் என்றால், போன வாரம் வயிற்றுக்கு ஆகட்டுமென்று கடுக்காய்ப் பொடியைத் தண்ணீரில் கரைத்தேன். கலக்கிய இரும்புக் கரண்டியை அதிலேயே போட்டுவிட்டு மறந்துவிட்டேன். மதியம் பார்த்தால் தண்ணீர் மைக்கூடு மாதிரி இருக்கிறது. மருமகள் எட்டிப் பார்த்து, "இன்னா மாமா, யாரு இதுல மையை ஊத்தினது?" என்றாள். 'யாரு' என்று கேட்டதுமே நான் கொல்லைப் பக்கம் ஓடினேன். கடுக்காய்க்கு அப்புறம் வேலையே இல்லை.

நாற்பது வருஷத்துக்கு முன்னால் இதே கறுப்பைக் காட்டி இதே கேள்வியை என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

அப்போது ஆம்பூரில் பாலாற்றை ஒட்டிய, தோல் பதனிடுகிற ஒரு டேனரியில் இருந்தேன். ஐந்தாவதோடு படிப்பை விட்டவன். சீமைக்குப் போகிற பேல்களின், அதாவது தோல் கட்டுகளின், மேல் கம்பெனி மார்க் போடுவது என் வேலை. இங்கிலீஷ் எழுத்தை வரையத் தெரியும், படிக்கத் தெரியாது. சாப்பிட உட்கார்ந்தால், எழுத்தைத் தலைகீழாகப் போட்டுவிட்டேனோ என்று சந்தேகம் வரும். பாதிச் சோற்றில் கையைக் கழுவிக்கொண்டு ஓடிப்போய்ப் பார்ப்பேன். சரியாகத்தான் இருக்கும். திரும்பி வந்தால் சோறு ஆறியிருக்கும்.

டேனரியில் எல்லோருக்கும் பயம் இரும்பிடம்தான். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறிய தோலில் ஈரத்தோடு ஓர் ஆணி பட்டால் போதும், பட்ட இடம் கறுத்துவிடும். வேறு எந்தக் கறையும் கழுவினால் போகும், இது போகாது. அதனால் தொட்டிகளுக்குப் பக்கத்தில் இரும்பு வாளிகூட வைக்கமாட்டார்கள். சின்னப்பன் தோலை வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார். கறை தெரிந்தால் வாய் திறக்கமாட்டார், மூன்று விரலைக் காட்டுவார். மூன்றாம் ரகம். ஆட்களையும் அவர் அப்படித்தான் பார்க்கிறார் என்று எனக்கு ஓர் எண்ணம். என் பக்கம் திரும்பினால் முதலில் அவர் கையைத்தான் பார்ப்பேன்.

துரை எங்கள் தோலை வாங்குகிற கம்பெனியின் ஆள். வேலையை முடித்துக்கொண்டு சீமைக்கே திரும்பப் போகிறார். முதல் ஜெர்மன் சண்டையில், தண்ணீரிலேயே இறங்கித் தண்ணீரிலிருந்தே கிளம்புகிற ஏரோப்ளேன் ஓட்டியவராம். அதன் போட்டோ ஒன்று வைத்திருந்தார். அதைப் போலவே சின்னதாக ஒன்று செய்து கொடுத்து அனுப்ப வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. போட்டோவைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

கோவிந்தன் ஆசாரி கல்யாண முருங்கைக் கட்டையில் ஒரு முழ நீளத்துக்குச் செதுக்கினார். மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இறக்கை. சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு குட்டித் தோணிகள். இறக்கைக்குக் காகிதம் ஒட்டலாமா என்று யோசித்தவரிடம், ஆட்டுத்தோலை மெல்லிசாகச் சீவி ஒட்டலாமே என்றேன்.

"அதானே! மூக்கைப் புடிச்சிக்கிட்டு இந்தத் தோலுக்குள்ளதான கெடக்கறோம். ஒட்டுடா," என்றார்.

வர்ணம் என் பொறுப்பு. கூலி ஏழு ரூபாய் எட்டணா. முதலாளியே தன் வாயால் சொன்னது.

உடம்புக்கும் தோணிகளுக்கும் சாம்பல் நிறம் அடித்தேன். இறக்கைத் தோலை அதன் நிறத்திலேயே விட்டேன். முடித்துப் பார்த்தால் தொட்டிலில் கட்டித் தொங்கவிடுகிற பொம்மை மாதிரி பளபளக்கிறது. போட்டோவைப் பக்கத்தில் வைத்தேன். அதில் இருந்தது உழைத்த வண்டி. என்ஜினுக்குப் பின்னால் புகை இறக்கைமேல் கோடு கோடாக இழுத்திருந்தது. தோணிகளில் தண்ணீர் ஏறிய மட்டத்துக்கு உப்புப் பூத்திருந்தது. வயிற்றில் எண்ணெய் வழிந்திருந்தது. துரை இதைப் பார்த்து, இது என் வண்டி இல்லை என்று சொல்லிவிட்டால்? அந்தக் கவலை வந்து உட்கார்ந்துகொண்டது.

உப்பைக் கரைத்துத் தோணியில் தடவி வெயிலில் வைத்தேன். காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்தது. ஜாஸ்தியான இடத்தில் ஈரத்துணியால் துடைத்தேன். விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து உடம்பில் வைத்தேன். வைப்பது ஒரு நிமிஷம், துடைப்பது அரைமணி. துடைக்கத் துடைக்கத்தான் பழசாகும். அந்தக் காலத்து என்ஜினுக்கு விளக்கெண்ணெய்தான் ஊற்றுவார்கள் என்று துரை சொன்னதாக மேனேஜர் ஒருநாள் சொல்லியிருந்தார். வயிற்றில் ஒரு சொட்டு விளக்கெண்ணெயும் வழியவிட்டேன்.

இறக்கையில்தான் கரி நிற்கவில்லை. விரல் பட்டால் வந்துவிட்டது. செருப்புத் தைக்கிறவர்கள் தோலைக் கறுப்பாக்க, துருப்பிடித்த ஆணிகளை வெல்லத் தண்ணீரில் ஊறப்போடுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு சீசாவில் அதையே செய்து, பேல் கொட்டகைக்குப் பின்னால் செங்கல்லுக்கு அடியில் மறைத்து வைத்தேன். டேனரிக்குள் ஆணித் தண்ணீர்! சுற்றிலும் இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் மூடியைத் திறப்பேன். ஆனால் தூரிகை நுனி பட்டதும் தோல் அதைக் குடித்து, முதலில் பழுப்பாகி, பிறகு கறுத்ததே, அது மேலே பூசிய கறுப்பு இல்லை. புகையே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் நான் கவலைப்படவே மறந்துவிட்டேன். அது எனக்கு அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை.

அந்த வாரமே பன்னிரண்டு தோல்களில் கறும்புள்ளி விழுந்தது.

சின்னப்பன் பன்னிரண்டு தடவை மூன்று விரலைக் காட்டினார். யார், யார் என்று டேனரி முழுக்கப் பேச்சு. நான் சீசாவை எடுத்து எறிந்துவிடலாம் என்று போனேன். செங்கல் இருந்தது. சீசாவைக் காணோம்.

மூன்றாம் நாள் துரை வந்தார். முதலாளி தன் அறையில் மூடி வைத்திருந்த விமானத்தின்மேலிருந்து துணியை விலக்கினார். சின்னப்பனின் கையைப் பார்த்தேன். மூன்று விரல்.

"இன்னாடா இது?" என்றார் மேனேஜர். "புதுசா ஒண்ணு பண்ணச் சொன்னா, எங்கயோ காயலான் கடையில புடிச்சி வந்து வெச்சிருக்கே? புதுசை எவன்கிட்ட வித்தே?"

"இதான் ஐயா புதுசு. போட்டோவுல இருக்கற மாதிரியே..."

"புதுசு எங்கனாச்சும் இப்படி அழுக்கா இருக்குமாடா?"

முதலாளி நெற்றியைத் தேய்த்தார். "பேஜாரா பூட்டுதே. சரி சரி, சீக்கிரமா கழுவி எடுத்துட்டு வாப்பா."

"கழுவினா போவாதுங்க முதலாளி," என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. சின்னப்பன் மெதுவாகத் திரும்பினார். "கழுவினா போவாதா?" என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் அந்த அறையில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

துரைக்கு இதெல்லாம் புரியவில்லை. அவர் விமானத்தை எடுத்து, இறக்கைக் கறையைக் கட்டைவிரலால் தடவினார். வயிற்றுப் பக்கத்தை மூக்கருகே கொண்டுபோனார். கண் கலங்கியது. விளக்கெண்ணெய் நெடியாகவும் இருக்கலாம். பிறகு என்னைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னார்.

"இன்னா ஐயா சொல்றாரு?" என்று மேனேஜரைக் கேட்டேன்.

"பழசு நாத்தம் அடிக்குதாம்."

அவ்வளவு நீளப் பேச்சுக்கு இவ்வளவுதான் அர்த்தமா? நாறுகிற சாமானை ஒரு மனிதன் தன் கைக்குட்டையால் சுற்றி, தூக்க வந்த ஆசாரியிடம்கூடக் கொடுக்காமல், தானே மார்போடு அணைத்து ஸ்டேஷனுக்குக் கொண்டு போவானா? இங்கிலீஷ் படித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

துரை போனதும் சின்னப்பன் மடியிலிருந்து என் சீசாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இது உன்னுதா தம்பி?"

ஆமாம் என்றேன். இறக்கைக்கு மட்டும்தான் தொட்டேன், தொட்டிப் பக்கமே போகவில்லை என்றேன். முதலாளி நல்லவர். கத்தவில்லை. "விசாரிச்சி முடியட்டும். அப்புறம் கூலியைப் பாக்கலாம்," என்றார்.

வேலையை விட்டு யாரும் அனுப்பவில்லை. அதைவிட மோசம். "டேய், ஆணி வர்றான், தோலை மூடுங்கடா!" என்று சிரிப்பார்கள். நான் தாண்டிப் போனால் தொட்டிக்குள் எட்டிப் பார்ப்பார்கள். இரண்டு மாதம் பொறுத்துக்கொண்டு, வேலூருக்குப் போய்க் கடைகளுக்குப் போர்டு எழுத ஆரம்பித்தேன். அங்கே அழிக்க முடியாத கறுப்புக்கு நல்ல மரியாதை.

போன மாசம் ஒரு கல்யாணத்துக்காக ஆம்பூர் போனேன். அந்த டேனரி இருந்த இடத்தில்தான் மண்டபமே இருக்கிறது. தொட்டிகளைத் தூர்த்து மேலே பந்தி போடுகிறார்கள். ஆவாரம்பட்டைக் குவியல் இருந்த பக்கம் குழாயில் கை கழுவினேன். குழாய் இரும்பு. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. முதலாளி இல்லை, மேனேஜர் இல்லை, மூன்று விரல் காட்டச் சின்னப்பனும் இல்லை.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். அந்த வாரம் ஒருநாள், யாரோ வருகிற சத்தம் கேட்டு, அவசரத்தில் தூரிகையைப் பக்கத்து வாய்க்காலில் ஓர் அலசு அலசினேன். அந்தத் தண்ணீர் தொட்டிக்குத்தான் போகும். ஒரே ஓர் அலசு. அதில் பன்னிரண்டு தோல் கெடுமா? கெடாது என்று காலையில் தோன்றும். சாயங்காலம் அப்படித் தோன்றாது.

ஆனால் விசாரணை முடிந்ததாக யாரும் இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை. முடியாத வரைக்கும் நான் குற்றவாளி இல்லை, விமானமும் நான் செய்து கொடுத்ததுதான். ஏழு ரூபாய் எட்டணா இன்னும் பாக்கி.