பெயர் சொல்லாத ஜெபக்குறிப்பு

ஆண்டவரிடம் மட்டும் சொன்ன ஒரு விஷயம் குலசேகரம் வரைக்கும் போனது எப்படி? எலிசா இந்தக் கேள்வியைக் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு அவளிடமே திரும்பத் திரும்பக் கேட்டு, மற்றவர்களிடமும் கேட்டு, நடந்ததை வரிசையாகச் சேர்த்துப் பார்த்தேன். அதைத்தான் எழுதுகிறேன்.

எலிசாவுக்கு நெய்யூர் பக்கம். கொல்லாங்கொட்டை என்னும் முந்திரிக்கொட்டையை உடைத்துத் தோல் நீக்கும் இடத்தில் வேலை. எங்கள் ஊர்களில் அதை அண்டி ஆபீஸ் என்போம். பல வருடமாக அந்தக் கொட்டையின் எண்ணெய் பட்டு அவள் விரல் நுனிகள் கறுத்துப்போனவை. கல்யாண வீடுகளில் கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்வாள். கணவர் செல்வதாஸ் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். ஒரே மகள் ரெனிஷா நர்சிங் படித்துவிட்டு மார்த்தாண்டத்தில் வேலை பார்க்கிறாள்.

போன வருடம் மழை விட்டு வெட்டு தொடங்கிய நாட்களில், ஒரு காலையில் செல்வதாஸ் ரப்பர் மரத்தடியில் விழுந்துவிட்டார். கையும் காலும் இழுத்தன, வாயில் நுரை தள்ளியது. பக்கத்து வரிசையில் வெட்டிக்கொண்டிருந்தவர் ஓடி வந்து, முதலில் அவர் கைக்குப் பக்கத்தில் கிடந்த கத்தியைத் தூர எறிந்தார். ஆஸ்பத்திரியில் தலையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். முன்பொரு காலம் அயினி என்னும் காட்டுப்பலா மரத்தில் ஏறி, அதில் படர்ந்த கொடியில் நல்லமிளகு பறிக்கும்போது செல்வதாஸ் தலைகுப்புற விழுந்திருக்கிறார். அந்தக் காயத்தின் தழும்பு உள்ளே நின்றுபோய், இப்போது வலிப்பாக வருகிறதாம். இது பரம்பரையாக வந்ததல்ல, மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் கட்டுக்குள் நிற்கும் என்று டாக்டர் சொன்னார். பைக் மட்டும் ஓட்டக் கூடாது என்றார்.

மாத்திரையை மறைத்து வைக்கலாம், பைக்கை எங்கே மறைப்பது? நேற்று வரை பைக்கில் போன மனிதர் இன்று பஸ்ஸுக்கு நின்றால் ஊர் கேட்கும். எலிசா பைக்கைத் தார்ப்பாயால் மூடிவிட்டு, கேட்டவர்களிடம் எல்லாம், "கார்புரேட்டர் போச்சு. பார்ட்ஸ் வரணும்" என்றாள். அந்தப் பார்ட்ஸ் ஒரு வருடமாக வந்துகொண்டே இருந்தது.

அப்போதுதான் ரெனிஷாவுக்கு விபினின் சம்பந்தம் கூடி வந்தது. குலசேகரத்துப் பையன், மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். அப்பா முத்துநாயகம் ரப்பர் ஷீட் வாங்கி விற்கிறவர். அம்மா ரெஜிலா தங்கள் சபையில் பெண்கள் ஐக்கியத்துக்குத் தலைவி. பார்த்தார்கள், பேசினார்கள், இரண்டு பக்கமும் பிடித்துப்போனது. விபின் லீவில் வரும் மாதத்தில், இரண்டாவது சனிக்கிழமை, பெண் வீட்டில் வைத்து நிச்சயம் என்று முடிவானது.

"ஏட்டி, நம்ம சொல்லிருவோம்," என்றார் செல்வதாஸ்.

"நிச்சயம் கழியட்டு."

"கழிஞ்ச பிறவு சொன்னா ஏமாத்துனோம்னு ஆவாதா?"

"இப்போ சொன்னா ஒண்ணுமே ஆவாது. எனக்கு அதாக்கும் பேடி."

அவள் பயத்துக்குக் காரணம் உண்டு. வலிப்புக்காரன் வீட்டில் பெண் எடுத்தால் பேரப்பிள்ளைக்கும் வரும் என்று நம்புகிறவர்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். அண்டி ஆபீஸில் அவளோடு வேலை பார்க்கும் ஒருத்தியின் தங்கைக்கு அப்படித்தான் பேசி முடித்த கல்யாணம் நின்றது. எலிசா அதைக் கண்ணால் பார்த்தவள்.

ஆனால் ஒன்றை மனதுக்குள்ளேயே வைத்திருப்பது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை. சோறு இறங்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்ததும், தன் சபையில் பெண்கள் ஜெபத்தை நடத்தும் ஷெர்லியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஷெர்லிக்கா, ஒரு ஜெபக்குறிப்பு உண்டு. ஆனா பேரு சொல்லப்பிடாது."

"பேரு எதுக்கு மக்கா? ஆண்டவருக்குத் தெரியும்லா."

எலிசா எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். ஷெர்லியும் அழுதாள். வீட்டுக்கு வந்து அன்றைக்குத்தான் எலிசா வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

ஷெர்லி வாக்கு மாறாதவள். எலிசா என்றோ செல்வதாஸ் என்றோ ஓர் இடத்திலும் அவள் சொல்லவில்லை. ஆனால் அப்போது சங்கிலி ஜெபம் நடந்துகொண்டிருந்தது. ஒருவர் ஜெபித்து முடிக்கிற நேரத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும், சங்கிலி அறக் கூடாது. எதற்காக ஜெபிப்பது என்ற குறிப்பு போனில் சபைக்குச் சபை கைமாறும். "ஒரு சகோதரி. கணவருக்கு வலிப்பு. மகளுக்கு நிச்சயம் நெருங்குகிறது. மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியாது. தடையில்லாமல் நடக்க ஜெபிக்கவும்." ஷெர்லி அனுப்பியது இவ்வளவுதான்.

நிச்சயத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, அண்டி ஆபீஸில் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். ஜின்சி என்று ஒரு பெண், எலிசாவைவிட வயதில் குறைந்தவள், வேறு சபைக்காரி. அவள் டிபனைத் திறந்துகொண்டே சொன்னாள்:

"எலிசாக்கா, சோத்துக்கு ஜெபிக்கும்போ ஒரு காரியத்துக்கும் சேத்து ஜெபிச்சிருங்க."

"என்ன காரியம் மக்கா?"

"ஏதோ ஒரு சகோதரியாம். வீட்டுக்காரருக்கு வலிப்பு. ஒரு நாளைக்குப் பத்து தடவ விழுவாராம். மகளுக்கு நிச்சயம் வச்சிருக்கு. அந்தப் பிள்ளைக்கும் உண்டுமாம், பாவம். மாப்பிள வீட்டுல மறச்சு வச்சிருக்காவ."

எலிசா திறந்த டிபனை மறுபடி மூடினாள். சுற்றியிருந்தவர்கள் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக் கண்ணை மூடிக் காத்திருந்தார்கள். ஜெபிக்காமல் முடியாது.

"கிருபையுள்ள ஆண்டவரே, இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம். அந்தச் சகோதரிக்க வீட்டுக்காரருக்குச் சுகம் தாரும். பத்து தடவ இல்ல, எப்பவாச்சும்தான் வருதுன்னு உமக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் கிடையாதுன்னும் உமக்கு நல்லாத் தெரியும். அயினி மரத்துல இருந்து விழுந்ததுனாலதான்னும்..."

ஜின்சி ஒரு கண்ணைத் திறந்தாள்.

"...ஆமென்," என்று முடித்துவிட்டாள் எலிசா.

"ஆருக்கா அயினி மரத்துல இருந்து விழுந்தது?"

"ஆராச்சும் விழுந்திருக்கலாம்லா."

"நான் மரத்தைப் பத்திச் சொல்லவே இல்லியே."

"சோறு ஆறுது, தின்னுட்டி." ஒரு உருண்டையை விழுங்கிவிட்டு எலிசா கேட்டாள்: "உனக்கு ஆரு சொன்னா?"

"குலசேகரத்துல எனக்க சித்தி உண்டும்லா, அவ வாய்ஸ் மெசேஜ் போட்டா. அங்க எல்லா வீட்டு ஜெபத்திலயும் இதாக்கும் இப்போ."

அன்று எலிசா உடைத்த கொட்டைகளில் பாதிக்கு மேல் பருப்பு நொறுங்கிப் போனது.

வீட்டில் சொன்னபோது செல்வதாஸ் முதலில் சிரித்தார். "ஒரு நாளைக்குப் பத்து தடவையா? நான் எப்போ வெட்டுக்குப் போறது, எப்போ சோறு தின்னது?"

ரெனிஷா சிரிக்கவில்லை. "அப்பாவுக்குச் சுகமில்லன்னு வேண்டாம்னு சொன்னா, போட்டும். எனக்கும் உண்டுன்னு சொல்லி ஒருத்தன் வேண்டாம்னு போறதுக்கு நான் நிக்க மாட்டேன். அம்மா, இது நீ செஞ்ச வேல. நீயே போய்ச் சரி பண்ணு."

மறுநாள் எலிசாவும் செல்வதாஸும் குலசேகரத்துக்குப் பஸ் ஏறினார்கள். பஸ் தக்கலை தாண்டியது. பிறகு எலிசா, "அவியளுக்கு இது வந்து சேர்ந்திருக்குமோ?" என்றாள்.

"தலைவியம்மா இல்லியா, அவளுக்கு வராம எங்க போவும்?"

ரெஜிலாவின் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. அன்று அங்கே வீட்டு ஜெபம். முத்துநாயகம் வெளியே நாற்காலியில் இருந்தார். இவர்களைக் கண்டதும் வியப்போடு எழுந்து, உள்ளே ஜெபம் நடக்கிறது என்று கைகாட்டி நிறுத்தினார். ரெஜிலாவின் குரல் கணீரென்று கேட்டது:

"ஆண்டவரே, வலிப்பை மறச்சு மகளைக் கட்டிக் கொடுக்கப் பாக்குற அந்தக் குடும்பத்தை நீர் காண்கிறீர். அந்த மாப்பிள வீட்டுக்காரவ ஆருன்னு எங்களுக்குத் தெரியாது. அவிய கண்ணைத் திறந்தருளும். மறைவானதை வெளியரங்கமாக்கும். அந்தத் தாய் தானே வந்து உண்மையைச் சொல்லும்படி அவ இருதயத்தோட பேசும். ஆமென்."

உள்ளே இருந்த பெண்கள் ஆமென் சொல்லி முடித்த பிறகு, வாசலில் இருந்து தனியாக ஓர் ஆமென் கேட்டது. எலிசாவுடையது.

கண்ணைத் திறந்த ரெஜிலா எழுந்து வந்தாள். சம்பந்தம் பேசியது முதல் இருவரும் ஒருவரையொருவர் மைனி, அதாவது மதினி, என்றுதான் கூப்பிடுவார்கள். "மைனியா? என்ன இப்பிடி சொல்லாம கொள்ளாம?"

"மைனி, நீங்க ஜெபிச்சது எங்களுக்காக்கும்."

ரெஜிலாவுக்கு முதலில் புரியவில்லை. "ஆமா, உங்க குடும்பத்துக்கும் தினமும் ஜெபிக்கியோம்," என்றாள்.

"அதில்ல. அந்த வலிப்பு இவருக்காக்கும். அந்த மாப்பிள வீடு இந்த வீடாக்கும்."

ஜெபம் முடிந்து கிளம்ப வேண்டிய பெண்கள் ஒருத்தியும் அசையவில்லை. ரெஜிலா திரும்பிப் பார்த்து, "உங்களுக்கெல்லாம் வீடு வாசல் இல்லியா?" என்று கேட்ட பிறகுதான் செருப்பைத் தேடினார்கள். அப்போதும் ஒருத்தி வேண்டுமென்றே மற்றவளின் செருப்பைப் போட்டுக்கொண்டு போய், திரும்பி ஒரு முறை வந்தாள்.

செல்வதாஸ் எல்லாவற்றையும் சொன்னார். அயினி மரம், தழும்பு, மாத்திரை, டாக்டர் சொன்னது, தார்ப்பாய் மூடிய பைக் வரைக்கும். மகளுக்கு ஒன்றும் இல்லை என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

"எத்தன நாளா பேசுகியோம் மைனி. ஒரு வார்த்த சொன்னியளா?" என்றாள் ரெஜிலா. எலிசா தன் கறுத்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முத்துநாயகம் தொண்டையைச் செருமினார். "நான் ஒண்ணு சொல்லட்டா? ரப்பர் மரத்துக்குப் பட்டையில வெட்டு விழுந்தா அது விதையில வராது."

"மரத்தையும் மனுசனையும் சேத்துப் பேசாம சும்மா இரியும்," என்றாள் ரெஜிலா. பிறகு எலிசாவிடம், "எனக்கு யோசிக்கணும்," என்றாள். சாயா கொடுத்தாள். குடித்துவிட்டுப் பஸ் ஏறினார்கள்.

அந்த வாரம் முழுக்க எலிசா வேலைக்குப் போனாள், வந்தாள். பந்தல்காரன் போன் செய்து எத்தனை நாற்காலி என்று கேட்டபோது, "பிறவு சொல்லுகேன்," என்றாள். சனிக்கிழமை மத்தியானம் ரெஜிலா கூப்பிட்டாள்.

"மைனி, எனக்கு ஒரு காரியம் செஞ்சு தரணும். எனக்க மருமவளுக்கு வலிப்புன்னு நாலு சபை முழங்கால் போட்டு நிக்குது. எனக்கு அத நிறுத்தணும். நாளைக்கு உங்க கோயில்ல பேரோட வாசிக்கச் சொல்லுங்க. ஆருக்கு, எதுனால, ஆருக்கு இல்ல, எல்லாம் சொல்லணும். இங்கயும் வாசிக்கச் சொல்லியிருக்கேன்."

எலிசாவுக்கு 'மருமவ' என்ற வார்த்தைக்குப் பிறகு எதுவும் சரியாகக் கேட்கவில்லை. "என்னத்தை வாசிக்கணும் மைனி?" என்று இன்னொரு முறை கேட்டாள்.

"பேரை. முழுப் பேரை."

ஞாயிற்றுக்கிழமை போதகர் வாசித்தார். "சகோதரர் செல்வதாஸ் அவர்கள் பழைய தலைக்காயத்தால் வந்த வலிப்பு நோயிலிருந்து சுகம்பெற ஜெபிப்போம். அவர் மகள் ரெனிஷா நல்ல சுகத்தோடு இருப்பதற்காகவும், வரும் சனிக்கிழமை நடக்கும் அவள் நிச்சயத்துக்காகவும் தேவனுக்கு நன்றி சொல்லுவோம்." எலிசா தலையைக் குனியாமல் இருக்கப் பாடுபட்டாள். முன்வரிசையிலிருந்து ஷெர்லி பதறித் திரும்பி, 'நான் பேரு சொல்லல' என்று வாயசைத்தாள்.

நிச்சயம் நடந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை, செல்வதாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் தண்ணீர் குடிக்க எழுந்தால் இரண்டு பேர் கூடவே எழுந்தார்கள். கடைசியில் அவரே, "நான் விழுவேன்னு காத்திருந்து சோறு ஆறிட்டு. போய்ச் சாப்பிடுங்க. விழுந்தா ஆள் விடுகேன்," என்றார். முத்துநாயகம்தான் முதலில் சிரித்தார்.

சாப்பாடு முடிந்து விபின் தார்ப்பாயை விலக்கிப் பார்த்தான். "மாமா, கார்புரேட்டர் போச்சுன்னு சொன்னாவளே, நான் பாக்கட்டா?" எலிசா தடுப்பதற்குள் பைக்கில் பெட்ரோல் ஊற்றி ஓங்கி நாலு உதை உதைத்தான். பைக் கிளம்பிவிட்டது. ஒரு வருடமாகப் பார்ட்ஸ் கதை கேட்ட அத்தனை பேரும் முற்றத்தில்தான் நின்றார்கள். "நல்ல பார்ட்ஸுதான் வந்திருக்கு," என்றாள் ஜின்சி.

ஏன் சம்மதித்தீர்கள் என்று எலிசா ஒருநாள் ரெஜிலாவிடம் கேட்டாளாம். "உங்களுக்கு எதிரா நான் ஜெபிச்சதுக்கும் வாசல்ல நின்னு ஆமென் சொன்னியளே மைனி. வேற ஆளா இருந்தா செருப்பைப் போட்டுட்டுத் திரும்பிப் போயிருப்பா," என்று சொன்னாளாம்.

செல்வதாஸுக்கு அதற்குப் பிறகும் ஒரு முறை வலிப்பு வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பக்கவாட்டில் படுக்க வைத்து, தெளிந்ததும் போனார்கள். யாரும் யாருக்கும் குறிப்பு அனுப்பவில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை யாருக்கு அனுப்புவது? எலிசா கேட்ட கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதிலும் இதுதான். பெயரோடு சொல்லியிருந்தால் அது அவள் வீட்டு வாசலிலேயே நின்றிருக்கும். பெயர் இல்லாததால், யாராக இருக்கும் என்று கேட்டுக்கொண்டே ஊர் ஊராகப் போய்விட்டது.

ஆகவே வாசிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். எலிசாவின் சம்மதத்தோடுதான் கேட்கிறேன். பெயரை விடாமல் சொல்லுங்கள்: நெய்யூர் பக்கத்து எலிசா, ரப்பர் வெட்டும் செல்வதாஸ், குலசேகரத்து ரெஜிலா. அயினி மரத்தை மறக்க வேண்டாம். ரெனிஷாவுக்கு ஒன்றும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதற்கு மேல் ஒன்றும் சேர்க்காதீர்கள்.