படத்தை மறைக்காத பெட்டி

ஓடுகிற படத்தை நிறுத்தியதும் திரையின் அடியில் ஒரு நீலப் பட்டை எழும்பும். நேரம், நிகழ்ச்சியின் பெயர், எவ்வளவு ஓடியது என்றெல்லாம் அதில் இருக்கும். 2009ஆம் ஆண்டுக் கோடையில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் தெருக் கடையொன்றில் என் மாமி அந்தப் பட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றார். தொலைக்காட்சியைப் பதிகிற ரெக்கோடர் வாங்க ஸ்தேன் புறநகரிலிருந்து வந்தவர், பிரெஞ்சு வாசிக்க என்னையும் இழுத்து வந்திருந்தார்.

கடைக்காரர் நல்ல வாய்க்காரர். "அக்கா, இது ஒரே நேரத்திலை ரெண்டு சனல் பதியும். ஒரு நாடகமும் தப்பாது" என்று மெனுவைத் திறந்து காட்டினார். பளிச்சென்ற எழுத்து, எடுத்த எடுப்பிலேயே எனக்குப் பிடித்துப் போயிற்று. மாமி மெனுவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. படத்தை நிறுத்துவார், பட்டை வரும், "தம்பி, இது போகாதோ?" என்பார். போகாது. அடுத்த பெட்டி. மத்தியானம் தாண்டிவிட்டது, எனக்கென்றால் பசியும் எரிச்சலும். "மாமி, ரெக்கோடர் வாங்க வந்தனியளோ, மாப்பிள்ளை பாக்க வந்தனியளோ?" என்று கேட்டேவிட்டேன். கடைக்காரர் சிரித்தார்.

மாமி சிரிக்கவில்லை. "செய்தியிலை முகாம் காட்டுறாங்கள், பிள்ளை. சனம் வரிசையிலை நிக்குது, கண் மூடி முழிக்கிறதுக்குள்ளை போயிடுது. நிப்பாட்டினா இந்தக் கோதாரி கீழ்ப்பக்கத்தை மறைக்குது. என்ரை தங்கச்சி கட்டை. நிண்டாலும் கீழைதான் தெரிவாள்."

வன்னியில் போருக்குள் அகப்பட்ட அந்தத் தங்கையிடமிருந்து மாதக்கணக்காக ஒரு சொல்லும் வரவில்லை. கடைக்காரர் பின்னறைக்குப் போய், விலைபோகாமல் கிடந்த பழைய பெட்டியொன்றை எடுத்துவந்தார். மெனு ஆமை வேகம். எழுத்தைப் பார்த்தால் கண் வலிக்கும். ஆனால் ஒரு பொத்தானை அமத்தப் பட்டை மறைந்தது. இன்னொன்றை அமத்தப் படம் துளித்துளியாக நகர்ந்தது. மாமி அதைத்தான் வாங்கினார்.

அந்த வீட்டு மாலைகளை நினைத்தால் இன்றும் ஏக்கமாக இருக்கிறது. விஷயம் பரவி, வில்லியே லே பெல்லிலிருந்தெல்லாம் மாமி பதிந்த செய்திகளில் தங்கள் ஆட்களைத் தேட வந்தார்கள். சோபாவில் இடம் இல்லாமல் நிலத்தில் இருப்போம். தேநீர், ரோல்ஸ், இந்த மூக்கு எந்தக் குடும்பத்து மூக்கு என்று சண்டை, நடுவே சிரிப்பும்தான். ஒருநாள் ஓர் அம்மா, "ஐயோ, என்ரை பெடியன்!" என்று எழும்பிவிட்டார். அன்றைக்கு எல்லோரையும்விட மாமிதான் அதிகம் அழுதார்.

பிறகு பெட்டி நிரம்பிவிட்டது. எதை அழிக்கலாம் என்று திரை கேட்டது. "பழசெல்லாம் பாத்து முடிஞ்சுதுதானே மாமி, அழிப்பமோ?" என்றேன். ரிமோட்டைப் பறித்துக்கொண்டார்.

"என்ரை தங்கச்சி அதிலை இல்லை. ஆனா ஆரின்ரையோ தங்கச்சி இருப்பாள். விடு."

தங்கை இன்றுவரை கிடைக்கவில்லை. மாமி இப்போது நாடகங்களைக் கைபேசியில் பார்க்கிறார். எதையும் பதிய இடமில்லாத அந்தப் பெட்டி தொலைக்காட்சிக்குக் கீழே அப்படியே இருக்கிறது. போன மாதம் ஒபர்வில்லியேயிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர், யாரோ சொல்லக் கேள்விப்பட்டு வந்து, வாசலில் தயங்கி நின்றார்.

"உள்ளை வாங்கோ" என்றார் மாமி. "நீங்கள் ஆரைத் தேடுறியள்?"